வீட்டுக்கு ஓர் ஆள்

மழை என்றால் எனக்குப் பைத்தியம். இதை மறைத்துப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. தொண்ணூற்றொன்றாம் வருஷம் கார்த்திகையில் வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் என்று டிரான்சிஸ்டரில் செய்தி வாசிக்கிறவர் அலட்டிக்கொள்ளாமல் சொன்னபோது, தெருவில் எல்லோரும் அண்ணாந்து தங்கள் வீட்டு ஓட்டைப் பார்த்தார்கள். நான் உள்ளுக்குள் குதித்துக்கொண்டிருந்தேன். அப்போது ஸ்ரீபெரும்புதூரில் டைப்ரைட்டிங் படித்துக்கொண்டிருந்தேன். மழை வலுத்தால் பஸ் வராது. பஸ் வராவிட்டால் வகுப்பு இல்லை, அந்த மாஸ்டரின் கடுகடு மூஞ்சியும் இல்லை. பத்தொன்பது வயதில் இதைவிட என்ன வேண்டும்?

அம்மாவுக்கு மழை என்றால் வேலை. எங்கள் தெரு ஏரிக்கரைக்கு நேர் கீழே இருந்தது. வாசலில் நின்று பார்த்தால் கரை தெரியும். அதற்கு அந்தப் பக்கம், எங்கள் வீட்டுக் கூரையைவிட உயரத்தில் தண்ணீர் நிற்கும். வெளியூர்க்காரர்கள் இதைக் கேட்டால் மிரண்டுபோவார்கள். எங்களுக்குப் பழகிவிட்டது. ஆனாலும் அம்மா பழகிப்போனவள் மாதிரி நடந்துகொண்டதே கிடையாது. ஐப்பசி பிறந்ததும் விதைநெல் பரணுக்கு ஏறும். தீப்பெட்டிகள் மூடி போட்ட கண்ணாடி பாட்டிலுக்குள் போகும். விறகுக்கும் வறட்டிக்கும் கட்டிலைக் கொடுத்துவிட்டு நாங்கள் தரையில் படுப்போம். நிலத்துப் பட்டாவும் என் மார்க் ஷீட்டும் யூரியா சாக்கின் உள்பையில் சுற்றி அரிசிப் பானைக்குள் புதைக்கப்படும். சோறு வடிக்க அரிசி எடுக்கும்போதெல்லாம் என் கணக்கு மார்க் கையில் தட்டுப்படும், அது வேறு கஷ்டம்.

ஆட்டை மட்டும் அம்மா முன்கூட்டியே களத்துமேட்டில் கட்டிவிட்டு வருவாள். கரை உடைந்தால் தெருவே ஓடிப்போய் நிற்க வேண்டிய மேடு அது.

"ஓடச்சொல்லோ அத்த இழுத்துக்கினு ஓட முடியாதுடி. அது முன்னாலயே போய்ட்டா நாம கைய வீசிக்கினு போலாம்" என்பாள்.

அப்புறம் சாக்குகள். எலி கடித்தது, ஓரம் பிரிந்தது, மூட்டை தூக்கும் கொக்கி கிழித்தது என்று எந்தச் சாக்கையும் அம்மா தூக்கி எறிந்ததில்லை. கோணி ஊசியை வைத்துக்கொண்டு தைத்துத் தைத்து அடுக்குவாள். எதுக்கு இத்தனை என்று கேட்டால், "கெடக்கட்டும்" என்பாள்.

இவ்வளவு செய்தும் எங்கள் வீட்டுக்கு ஒரு குறை இருந்தது. வீட்டில் ஆண்பிள்ளை இல்லை. அப்பா அதற்கு முந்தின வருஷம் சித்திரையில் போய்விட்டார். அம்மாவும் நானும்தான். இதில் என்ன குறை என்று கேட்கலாம். எங்கள் ஊர் வழக்கம் அப்படி. ஏரி நிரம்பிக் கரைக்கு ஆபத்து என்று தமுக்கு அடித்தால், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு கரையில் நிற்க வேண்டும். ஆள் வந்த வீட்டுக்குத்தான் தை மாதம் மதகு திறக்கும்போது முறைத் தண்ணீர் உண்டு, ஓர் ஆளுக்கு ஒரு முறை. ஆள் வராத வீடு, மற்ற எல்லோரும் பாய்ச்சி முடித்தபின் மிச்சமிருந்தால் பாய்ச்சிக்கொள்ளலாம். மிச்சம் எந்தக் காலத்தில் இருந்தது?

அப்பா இல்லாத முதல் மழைக்கு, பக்கத்துத் தெருச் சித்தப்பா வீடு தேடி வந்தார். அப்பாவின் சொந்தத் தம்பி. "நீங்க கவலப்படாதீங்க அண்ணி. உங்க வூட்டுக்கும் சேத்து நம்ம ஆள நிறுத்திடறேன்" என்றார். சொன்னபடி தன் பண்ணையாளை எங்கள் வீட்டுக் கணக்கில் நிறுத்தினார். தையில் தன் முறையையும் எங்கள் முறையையும் சேர்த்து வாங்கி முதலில் தன் கழனிக்குத் திருப்பிக்கொண்டார். எங்கள் கழனிக்கு வந்தது வாய்க்கால் ஈரம் மட்டும்தான். பால் பிடிக்கிற சமயத்தில் பயிர் காய்ந்து முக்கால்வாசி பதராகப் போயிற்று. வருஷம் பூராவும் ரேஷன் அரிசி தின்றோம். அம்மா அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கேட்டேன், அதுவும் நடுத்தெருவில் நிறுத்திக் கேட்டேன். அன்றிலிருந்து அவர் வீட்டில் எனக்கு வாயாடி என்று பெயர். அந்தப் பெயரில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை.

இந்த வருஷமும் முறை போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட வேண்டியதுதான் என்று அம்மா சொல்லியிருந்தாள். குத்தகைக்குக் கேட்டவர் யார் என்று நான் சொல்லத் தேவையில்லை.

விடாமல் பெய்த மழையின் மூன்றாம் நாள் காலையில் தமுக்குச் சத்தம் கேட்டது. "ஏரி ரொம்பிக்கீது. வூட்டுக்கு ஒரு ஆளு, மம்பட்டியோட, ஒடனே கரைக்கு வரணும்" என்று சொல்லிக்கொண்டு ஆள் நனைந்தபடி போனார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. பயம் இல்லை, ஆசை. ஏரி நிறைந்து நிற்கும்போது கரைமேல் ஏறிப் பார்க்கப் பெண்களை விடமாட்டார்கள். அதனாலேயே எனக்கு அது வேண்டும்.

அம்மா அப்பாவின் மண்வெட்டியை எடுத்துவிட்டாள். எடுத்த கையோடு இருமத் தொடங்கினாள். மழைக்காலத்தில் அவளுக்கு இழுப்பு வரும். வந்தால் பேசுவதற்குக்கூட மூச்சு போதாது.

"நீ குந்து. நான் போறேன்" என்றேன்.

"ஊரு சிரிக்கும்டி."

"சிரிக்கட்டும். போன வருசம் பதரைப் பாத்து சிரிச்சாங்களே, அத்தவிடவா?"

அம்மா என்னைப் பார்த்தாள், மண்வெட்டியைப் பார்த்தாள். பிறகு கொடியில் கிடந்த அப்பாவின் சட்டையை எடுத்து என் தாவணிக்கு மேலேயே மாட்டிவிட்டுப் பொத்தானையும் போட்டாள். "வாயை மட்டும் தொறக்காத" என்றாள். அவள் கேட்டதில் அது ஒன்றுதான் முடியாத காரியம்.

கரைமேல் ஏறினேன். அம்மாடி. ஏரி என்று நான் அதுவரை நினைத்திருந்தது ஏரியே இல்லை. அக்கரையைக் காணவில்லை. ஏரிக்குள்ளே, உள்வாயில் நின்ற கருவேல மரங்களுக்குத் தலை மட்டும்தான் மிச்சம். காற்று அடிக்கிற ஒவ்வொரு தடவையும் தண்ணீர் கரை விளிம்பில் வந்து மோதி, எங்கள் காலருகில் சிதறியது. மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இந்தப் பக்கம் திரும்பினால் பள்ளத்தில் எங்கள் தெரு, எங்கள் ஓடு, கொல்லையில் குனிந்து நிற்கும் அம்மா. அதைப் பார்த்ததும்தான் மண்வெட்டியை இறுக்கிப் பிடித்தேன்.

ஏரி விஷயத்தில் ஊருக்குப் பேச்சு பெரியதனக்காரர் பேச்சுதான். குடையைப் பிடித்துக்கொண்டு தெரு வரிசைப்படி வீடுகளைச் சொல்லி ஆள் எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் வீடு வந்தது.

"உங்க வூட்டுக்கு ஆளு வந்தாச்சு. உங்க சித்தப்பன் வுட்டுக்கீறான்."

"அது சித்தப்பா வூட்டு ஆளு. எங்க வூட்டு ஆளு நான் பெரிப்பா" என்றேன்.

சிரிப்பு கிளம்பியது. சித்தப்பாவும் அங்கேதான் நின்றார். அவர் சிரிக்கவில்லை, கழுத்தைச் சொறிந்துகொண்டார்.

"பொட்டப்புள்ள கணக்குல வராது" என்றார் பெரியதனக்காரர்.

"ஏரி கரையை ஒடச்சிக்கினு வந்தா எங்க வூட்ட மட்டும் வுட்டுட்டுப் போவுமா? அதுக்கு மட்டும் நாங்க கணக்குல வருவோமா?"

அவருக்குக் கோபம் வந்தது. ஆனால் சண்டைக்கு நேரமில்லை. கரையில் தாழ்ந்து கிடந்த இடத்தில் தண்ணீர் வழிய ஆரம்பித்திருந்தது. "இன்னாவோ பண்ணு. கீழ போயி சாக்குக்கு வாய் புடி. அப்பால பேசலாம்" என்றார். கணக்கில் எடுத்துக்கொண்டாரா இல்லையா என்று சொல்லவில்லை. நானும் விடுவதாக இல்லை, கீழே இறங்கினேன்.

கரையை உயர்த்த மண்மூட்டை வேண்டும். மூட்டைக்கு மண் வேண்டும். அந்த மழையில் யார் தூரத்துக்குப் போய்ச் சுமந்து வருவது? கரையின் வெளிப்பக்கம், அடிவாரத்திலேயே தோண்டிக்கொண்டிருந்தார்கள். கை நீட்டினால் மண், நாலு எட்டு ஏறினால் கரை, வேலை விறுவிறு என்று நடந்தது. யாருக்கும் அதில் தப்பாக எதுவும் தோன்றவில்லை, எனக்கும்தான். சித்தப்பா வெட்டினார், நான் சாக்கின் வாயை விரித்துப் பிடித்தேன். அவர் போடுகிற வேகத்துக்கு நான் ஈடு கொடுத்தேன், அதில் எனக்கு ஒரே பெருமை. மற்றவர்கள் மூட்டைகளை மேலே ஏற்றிக்கொண்டே இருந்தார்கள். குழி முழங்கால் ஆழம் தாண்டி இடுப்புக்கு வந்தது. நான் அதற்குள்ளேயே நின்றேன்.

அப்போதுதான் உள்ளங்காலில் ஏதோ குறுகுறுத்தது. நண்டு என்று நினைத்தேன். காலை மாற்றி வைத்தேன். திரும்பவும் குறுகுறுத்தது. குனிந்து பார்த்தால், குழியில் தேங்கியிருந்த தண்ணீருக்கு அடியில், ஓர் இடத்தில் மட்டும் மணல் குதித்துக்கொண்டிருந்தது. உலையில் அரிசி கொதிக்குமே, அந்த மாதிரி. கையை வைத்தேன். கீழேயிருந்து தண்ணீர் என் கையைத் தள்ளியது.

"சித்தப்பா, இங்க பாரு. கீழேந்து தண்ணி வருது."

"மழைத் தண்ணிடி. சாக்க புடி."

"மழை மேலேந்துதான் பெய்யும். இது கீழேந்து வருது."

"வாயாடாம சாக்க புடிக்கிறியா, இல்ல வேற ஆள கூப்புடட்டா?"

மண்வெட்டி இறங்கியது. அவர் வெட்டிய இடத்தில் இன்னொரு மணல் ஊற்று கிளம்பியது. எனக்கு அது என்னவென்று சத்தியமாகத் தெரியாது. ஏரித் தண்ணீர் கரைக்கு அடியில் வழி பிடித்து வருகிறது என்றெல்லாம் எனக்கு யாரும் சொன்னதில்லை. ஆனால் வெட்ட வெட்ட அது பெரிதாகிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது. வெட்டுவதை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான் புரிந்தது. மேலே பார்த்துக் கத்தினேன். கரைமேல் நின்ற அத்தனை பேரும் ஏரியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அலைதானே கண்ணுக்குத் தெரிகிற ஆபத்து. முதுகுப் பக்கம் எவரும் திரும்பவில்லை. காற்றில் என் குரலும் எட்டவில்லை.

எனக்குக் கோபம் வந்தால் யோசனை பின்னால்தான் வரும். கட்டி வைத்திருந்த மூட்டை ஒன்றைப் புரட்டி அந்தக் கொதிப்பின்மேல் தள்ளினேன். அதன்மேல் ஏறிச் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

சித்தப்பா மண்வெட்டியை ஓங்கினவர் அப்படியே நின்றார். "எழுந்திருடி."

"மாட்டேன். வெட்டணும்னா என்ன வெட்டிட்டு வெட்டு."

மேலே மூட்டை வராமல் போனதும் ஆட்கள் இறங்கி வந்தார்கள். என்ன, ஏது, எதற்காக இந்தப் பெண் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறாள் என்று கேள்விகள். "சொன்னேனே, பொட்டப்புள்ளைய வுட்டது தப்பு" என்றது ஒரு குரல். இடுப்பு வரை சேறு, தலையில் மழை, சுற்றி நின்று ஆண்கள் வைகிறார்கள். இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது, அன்றைக்கு எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அழுதால் தோற்றுப்போவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பெரியதனக்காரரே வந்துவிட்டார். குடையை யாரிடமோ கொடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துத் தூக்கிவிடும் எண்ணத்தோடு குழிக்குள் கால் வைத்தார். வைத்த கால் முழங்கால் வரை சரசரவென்று இறங்கியது. சேற்றில் கால் புதைவது எல்லோருக்கும் தெரிந்ததுதான். இது அப்படி இல்லை, கீழே தரையே இல்லாததுபோல் இறங்கியது. மற்றக் காலை ஊன்றி அதை உருவிக்கொண்டார். கால் போன ஓட்டை வழியாகக் குபுகுபுவென்று மண் கலந்த தண்ணீர் பொங்கியது. அவர் அதைப் பார்த்தார். கரையை ஏறிட்டுப் பார்த்தார். அப்புறம் தெருவைப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப்போனதை நான் கிட்டத்தில் இருந்து பார்த்தேன்.

"மம்பட்டிய கீழ போடுங்கடா" என்றார். குரல் ரொம்பச் சின்னதாக வந்தது. "கரைக்கு அடியில நாமே குழி தோண்டிக்கினு கீறோம். மேல வச்ச மூட்டையெல்லாம் கீழ எறக்குங்க. வேடிக்க பாத்துக்கினு நிக்காதீங்க, வைக்கோல் கொண்டாங்க."

அதற்குப் பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? அப்படி ஒரு வேகத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை. மண் ஓடாமல் தண்ணீர் மட்டும் வடியட்டும் என்று குழியில் முதலில் வைக்கோலைத் திணித்தார்கள். அதன்மேல் மூட்டை, அதன்மேல் மூட்டை. ஆனால் மேலே அடுக்கியதை எல்லாம் கீழே இறக்கினால் மேலே வழியும். மேலும் மூட்டை வேண்டும், களத்துமேட்டிலிருந்து மண் வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகச் சாக்கு வேண்டும். ஊரில் சாக்கு தீர்ந்துவிட்டது.

நான் வீட்டுக்கு ஓடினேன். ஓட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாதி வழியில் அம்மா வந்துகொண்டிருந்தாள். கரையிலிருந்து மூட்டைகள் கீழே இறங்குவதைக் கொல்லையில் நின்றே பார்த்திருக்கிறாள். தைத்து அடுக்கிய சாக்குகள் அத்தனையும் அவள் தலைமேல். இழுப்பு சீட்டி அடித்தது. அவளுக்குப் பின்னால் தெருப் பெண்கள், கையில் கிடைத்ததைத் தூக்கிக்கொண்டு. யூரியா பைகள், தலையணை உறைகள், ஒருத்தி தன் புருஷனின் வேட்டியை மூட்டை கட்ட எடுத்து வந்திருந்தாள். ஊரார் அத்தனை பேரும் கரையில் நிற்கிறபோது அவர்களை ஏறக் கூடாது என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

களத்துமேட்டிலிருந்து கரைவரை வரிசையாக நின்றோம். மூட்டை கைமாறிக் கைமாறிப் போயிற்று. எனக்கு ஒரு பக்கம் அம்மா, மறுபக்கம் சித்தப்பா. "ஒக்காருங்க அண்ணி, மூச்சு வாங்குது பாருங்க" என்றார் அவர். அம்மா அடுத்த மூட்டையை என் கையில் திணித்தாள். எனக்குக் கை இற்றுப்போயிற்று, முதுகு ஒடிந்தது, அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே கிடையாது. யாரோ பாட்டு எடுத்தார்கள், நாங்கள் எல்லோரும் சேர்ந்துகொண்டோம்.

பிற்பகலில் மழை விட்டது. குழி இருந்த இடம் மேடாகிவிட்டது. மூட்டைகளுக்கு இடையில் இன்னும் தண்ணீர் கசிந்தது, ஆனால் மண் நிறம் போய்க் கண்ணாடியாக வந்தது. அதைக் கையில் ஏந்திப் பார்த்துவிட்டுத்தான் பெரியதனக்காரர் துண்டை உதறித் தோளில் போட்டார். தூரத்தில் கலங்கல் வழியாக உபரித் தண்ணீர் பாய்கிற சத்தம் கேட்டது. ஏரி தன் வழியில் போகிறது என்று அர்த்தம். எல்லோரும் நின்ற இடத்திலேயே உட்கார்ந்தோம்.

கலைவதற்கு முன்னால் கடைசியாக ஒரு தடவை வீடுகளைக் கூப்பிட்டு உறுதி செய்வது வழக்கம். அந்த எண்ணிக்கைதான் தைக்குச் செல்லும். பெரியதனக்காரர் தெருக்கோடியிலிருந்து ஆரம்பித்தார். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு குரல், "வந்தேன்". காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் இந்த ஒரு சொல்லுக்குத்தான்.

சித்தப்பா வீடு வந்தது. "வந்தேன்" என்றார் சித்தப்பா. பிறகு எங்கள் தெருவில் எங்கள் வீடு வந்தது. பெரியதனக்காரர் நிறுத்தினார். சித்தப்பாவின் பண்ணையாளைப் பார்த்தார். அந்த ஆள் சித்தப்பாவைப் பார்த்தார். சித்தப்பா தரையைப் பார்த்தபடி, "அவன் எங்க வூட்டு ஆளு. எங்க கணக்குலயே இருக்கட்டும்" என்றார்.

பெரியதனக்காரர் என் பக்கம் திரும்பினார், பிறகு அம்மாவின் பக்கம். அம்மா மூட்டைமேல் உட்கார்ந்திருந்தாள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவள் தலை நிமிர்ந்து உட்கார்ந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"வழக்கம் ஒரு ஆளுதான். உங்க வூட்லேந்து ரெண்டு பேரும் நின்னுக்கீறீங்க" என்றார் அவர். "உன்ன எண்ணட்டுமா, உம் பொண்ண எண்ணட்டுமா?"

அம்மாவுக்கு மூச்சு கிடைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"ரெண்டு பேரையும் எண்ணுங்க மாமா" என்றாள். "ஒண்ணு போன வருசத்துக்கு."

யாரும் சிரிக்கவில்லை. பெரியதனக்காரர் சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தார். பிறகு, "ரெண்டு" என்று உரக்கச் சொல்லிவிட்டு அடுத்த வீட்டைக் கூப்பிட்டார்.